அவரு போயிட்டாரு

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து அடிக்கிறார் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. எங்கள் ஊர் கேபிள் சேனலில் அந்த ஒருவர் நான். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நாளை குடிநீர் வராது, கருடசேவைக்கு எந்தத் தெருவில் வண்டி போகாது. இவற்றுக்கு நடுவே உலகமும் ஓடும். ஒரு நாட்டில் குண்டு விழுந்தது என்று நான் அடித்து முடிப்பதற்குள் பட்டுக்கடையின் ஆடித் தள்ளுபடி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். இரண்டையும் பிரிக்க ஒரு நட்சத்திரக் குறி போடுவேன். இத்தனை வருடத்தில் எந்த எழுத்தையும்விட அந்தக் குறியைத்தான் அதிகம் அடித்திருக்கிறேன். செத்தவர்களுக்கும் தள்ளுபடிக்கும் நடுவே அது ஒன்றுதான் வேலி.

வரி உடைக்காமல் எழுதுகிற கவிதை என்னுடையது. இரண்டு மெலிந்த புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஓடும் எழுத்தையோ ஊரே படிக்கிறது, படிப்பது தெரியாமலே படிக்கிறது. வயது ஐம்பதைத் தொடப்போகிறது. சொல்லின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை எங்கே, எப்போது கழன்று விழுந்தது என்று யாராவது கேட்டால் ஒரு சொல்லைக் காட்டுவேன். ‘அவரு.’ மூன்றே எழுத்து.

ஓரிக்கை போகும் சாலையில், ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் நான்கு வீடுகளில் ஒன்றில் தனியாகக் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை அவளுக்கு. வாங்கப்போவதில்லை என்று நுழையும்போதே முகத்தில் எழுதியிருக்கும் கூட்டத்துக்குக்கூட முப்பது, நாற்பது புடவை விரிப்பாள். அவர்கள் எழுந்து போன பின், பழைய மடிப்பு எதுவோ அதே மடிப்பில் ஒவ்வொன்றாகத் திரும்ப மடித்து வைப்பாள். ஒரு சுருக்கம் தெரியாது. அவள் வாழ்க்கையையும் அப்படித்தான் மடித்து வைத்திருந்தாள். மடிப்பு போட்டுக் கொடுத்தவள் நான்.

அவள் கணவன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள், சரக்கு இறக்கப் போகிறேன் என்று ஆற்காட்டுப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்திக்கொண்டு, பரோட்டா கடை போட்டிருப்பதாகச் சேதி வந்தது. அவள் அழுதது இரண்டு நாள். மூன்றாம் நாள் காம்பவுண்டுக் குழாயடியில் என்னிடம் வந்து நின்றாள்.

“யக்கா, ஜனங்க கேட்டா இன்னான்னு சொல்றது?”

“வெளிநாடு போயிருக்காருன்னு சொல்லு.”

“பொய் ஆவாதா?”

“ஏன் ஆவுது? நீ போவ முடியாத ஊரெல்லாம் உனக்கு வெளிநாடுதான்.”

சிரித்துவிட்டாள். நான் சொன்ன வாக்கியம் எனக்கே பிடித்துப்போய், அன்று மாலை அதை நோட்டில் வேறு எழுதி வைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் கை கூசுகிறது.

எந்த நாடு என்பதையும் நான்தான் தேர்ந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகாத நாடாக இருக்க வேண்டும், போய் வந்த எவனும் குறுக்குக் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று யோசித்து மேற்கே ஒரு நாட்டின் பேரைச் சொன்னேன். ஏன் லீவுக்கு வருவதில்லை என்று கேட்டால், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டான். ஏன் போனில் முகம் காட்டுவதில்லை என்றால், அங்கே அதற்குத் தடை. எல்லாம் நான் எழுதியது. அந்த நாட்டின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே நிஜமாகவே செத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆமாம், அங்கே போர் வந்துவிட்டது.

நான் குருட்டாம்போக்கில் விரல் வைத்த நாட்டின் மேல் குண்டு விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் அந்தச் செய்தியை அடிக்கும்போதே என் விரல் நின்றுவிட்டது. வீடு திரும்பினால் காம்பவுண்டு முழுக்க அவள் வாசலில் நிற்கிறது. “அங்க சண்டையாமே, அவரு எப்பிடி கீறாரு?” “போன் வந்துச்சா?” “மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சி வெய்யிமா.” அவளும் முடிந்து வைத்தாள். ஆற்காட்டில் பரோட்டா தட்டிக்கொண்டிருந்தவனுக்காக.

அதற்குப் பிறகு இந்த ஊரிலேயே உலகச் செய்தியை ஊன்றிப் பார்த்தவள் அவள்தான். கல்லூரி வாத்தியார்கள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். பொய்க்குப் பொறுப்பு அதிகம். எந்த நகரத்தில் குண்டு விழுந்ததோ அந்த நகரத்திலிருந்து அவனை உடனே வேறு நகரத்துக்கு மாற்ற வேண்டும். காலையில் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டே கேட்பாள்: “அங்க இப்போ மணி இன்னா யக்கா?” சொல்வேன். “அப்ப தூங்கிக்கினு இருப்பாரு” என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிஜமான கவலை ஓடும். அதைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். அந்த நாட்டில் ஓர் ஆஸ்பத்திரி இடிந்து கிடக்கிறது, தாய் ஒருத்தி கற்குவியலை வெறும் கையால் தோண்டுகிறாள், இங்கே நாங்கள் இருவரும் ஒரு பொய்யனை எந்த ஊருக்கு மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாயின் படம் எனக்குப் பயன்பட்டது. அவ்வளவு கேவலமாகத்தான் உலகம் என் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு நாள் அவளே சொன்னாள்: “பேசாம குண்டுல கொன்னுடலாமா யக்கா?”

“கொன்னுடு. நான் அஞ்சலி எழுதித் தர்றேன்.”

“அட போங்க. கொன்னா பொட்ட அழிக்கணும், பூவ எடுக்கணும். பொண்ணு கல்யாணத்துல மொத வரிசையில நிக்க முடியாது. கெடக்கட்டும் அங்கயே, உசுரோட.”

அப்படியாக அவன் உயிரோடு, போரின் நடுவில், எங்கள் தயவில் இருந்தான்.

அவள் பெண்ணுக்கு ஐயம்பேட்டையில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. மாப்பிள்ளையின் அம்மா மரியாதையான மனுஷி. பெண்ணின் அப்பன் போர் நடக்கும் நாட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பதில் அந்த அம்மாவுக்கு இரக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. சம்பந்தியைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டதே. ஓடிப்போனவன் என்று தெரிந்தால் அந்தக் கல்யாணம் அந்த நிமிஷமே நின்றுவிடும். இது அவளுக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த நடிகர் இறந்தது, அவள் கல்யாணத் தேதி பேச ஐயம்பேட்டைக்குப் போயிருந்த அன்று.

யார் என்று சொல்லத் தேவையில்லை, அப்படி ஒருவர் எல்லாத் தலைமுறைக்கும் இருக்கிறார். பள்ளிக்கூட நாளில் அவர் படத்தை ஜாமெட்ரி பாக்ஸின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தேன். அவர் போனதற்கு நானும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுதுகொண்டே அடித்தேன். ‘மறைந்தார்’ என்று அடித்தேன், போதவில்லை. ‘இயற்கை எய்தினார்’ குளிர்ந்து கிடந்தது. ‘காற்றில் கலந்தார்’ என்று மாற்றினேன். அதே திரையில், நட்சத்திரக் குறிக்கு அந்தப் பக்கம், அந்த நாட்டில் செத்தவர்களுக்கு நான் வைத்திருந்தது ஒரே சொல்: ‘பலி’. அவர்களுக்கு வேறு சொல் தேட எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று அது உறைத்தது. உறைத்தும் மாற்றவில்லை.

மதியம் சேனலை நடத்துகிறவர் கையில் போனோடு என் அறைக்குள் வந்தார். என்னைவிட மிகவும் இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

“யக்கா, பஸ் ஸ்டாண்டுல நம்ம பொண்ணு மைக் புட்சிச்சி இல்ல, ஒண்ணு மாட்டிக்கிச்சி. ஊரே அழுவுது, ஒரு பொம்பள ‘போனா போவட்டும், நிம்மதி’ன்றா. சூடா ஒரு தலைப்பு குடுங்க.”

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “‘கல்லும் கரைந்த நாளில் கரையாத ஒரு நெஞ்சு.’”

“ஸோக்கா கீது யக்கா. இதுக்குத்தான் உங்கள வெச்சிருக்கறது.”

அவர் போய்விட்டார். சூட்டோடு சூடாக ஏற்றிவிட்டார்கள். டீ குடிக்க வெளி அறைக்கு வந்தபோது பெரிய திரையில் என் தலைப்பு சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே என் பக்கத்து வீட்டுக்காரி.

மைக் பிடித்த பெண் கேட்கிறாள்: “அம்மா, அவரு போயிட்டாரு. உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?”

அவள் முகம் ஒரு கணம் செத்துப்போகிறது. பிறகு எதுவோ அவிழ்கிறது. “போனா போவட்டும்பா. இருந்தப்ப மட்டும் இன்னாத்தக் கண்டோம்? அவரு போனதுக்கப்புறம்தான் நிம்மதியா ஒரு வாய் சோறு துண்றோம். அழுவறதுக்குலாம் எனக்கு நேரம் இல்ல.” மைக்கை ஒதுக்கிவிட்டுக் கடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணிடம் போய் ‘அவரு’ என்றால் அது ஒரே ஒருவர்தான். அவள் வயதுக்காரி யாரும் கணவன் பேரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். மைக் பிடித்த பெண்ணோ தன் கணவனைப் பேர் சொல்லி, அதையும் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிறவள். அவளுக்கு ‘அவரு’ என்றால் அன்றைக்கு நாடே அழுதுகொண்டிருந்த மனிதர். ‘போயிட்டாரு’ என்பதும் அப்படித்தான். செத்தாலும் போயிட்டாரு, விட்டு ஓடினாலும் போயிட்டாரு.

சாயங்காலம் அவளே சொன்னாள். காலையிலிருந்து சம்பந்தி வீட்டில் அவரைப் பற்றியே கேள்வியாம். சாப்பிடுகிறாரா, பதுங்கு குழி இருக்கிறதா, எப்போது வருவார். போனில் சார்ஜ் இல்லை, நடிகர் செத்த சேதி அங்கே எட்டும் முன்பே கிளம்பியிருந்தாள். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம், இவர்களுக்கு ஏதும் தெரிந்திருக்குமோ என்ற யோசனையிலேயே வந்தாளாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கடையெல்லாம் சாத்தியிருக்கிறது. என்ன ஏது என்று கேட்பதற்குள் மூஞ்சிக்கு நேரே மைக்.

“சத்தியமா யக்கா, ஊருக்கே தெரிஞ்சிப்போச்சின்னு நெனச்சேன். அவரு ஓடிப்போனது டிவிக்கே தெரிஞ்சிடுச்சி, இனிமே இன்னா மறைக்கறதுன்னு. ஏழு வருசமா வாயில வெச்சிக்கினு இருந்தத துப்பிட்டேன்.” கடைப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். “சொன்னப்ப நல்லா இருந்துச்சி யக்கா. பஸ் ஸ்டாண்டுலர்ந்து வூடு வரைக்கும் நல்லா இருந்துச்சி.”

அவள் வாழ்க்கையில் சத்தமாகச் சொன்ன ஒரே உண்மை அது. அதற்கு நான் வைத்த தலைப்பு, கரையாத நெஞ்சு.

“தலைப்பு நான் வெச்சது” என்றேன். “நீன்னு தெரியாம.”

“தெரியும் யக்கா. படிக்கறப்பவே உங்க எழுத்துன்னு நெனச்சேன்.” கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் சேனலில் கெஞ்சினேன். “எடுத்துடுங்க சார், எனக்குத் தெரிஞ்ச பொண்ணு. அவ வேற யாரையோ சொன்னா.”

“யாரச் சொன்னாங்க?”

சொன்னால் ஐயம்பேட்டைக்குத் தெரிந்துவிடும், “எடுத்துடுங்க சார்” என்று மறுபடி கெஞ்சினேன்.

“நாம எடுத்தாலும் மத்தவன் எடுக்க மாட்டான் யக்கா. மெட்ராஸ்காரன், மதுரைக்காரன், எல்லாம் போட்டுட்டான். ஒருத்தன் பாட்டே போட்டுட்டான் அது மேல.”

அந்தப் பாட்டை எங்கள் காம்பவுண்டுக்குள் கேட்டேன். அவள் சொன்ன ‘துண்றோம்’ என்ற சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, தாளம் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். எங்கிருந்தோ, முகமில்லாத ஆயிரம் பேர் அவள் தாலியை, அவள் பெண்ணை, அவள் பேச்சை, அவள் நிறத்தை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் செத்த படத்துக்குக் கீழே அழுகிற பொம்மை முகம் போட்ட அதே ஆட்கள்தான் என்று நினைக்கிறேன். அழுவதற்கும் காறித் துப்புவதற்கும் அவர்களுக்கு அதே விரல் போதுமாயிருந்தது. எனக்கும் அதே விரல்தான்.

பட்டுக்கடையில் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றார்கள். வெளியூர்க் கூட்டம் அவளோடு செல்ஃபி எடுக்க வந்ததாம், புடவை பார்க்க அல்ல. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஐயம்பேட்டையிலிருந்து வந்த போனைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்க வைத்தாள்.

“சம்பந்தி, தப்பா நெனக்காதீங்க. எங்க வூட்டுல அவருன்னா உசுரு. எங்க மாமனாரு அவரு படம் ரிலீசுக்கு மொட்ட போட்டவரு. சனங்க காறித்துப்புது. நீங்க ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டு வீடியோ போட்டுட்டீங்கன்னா, நாங்க மேக்கொண்டு பேசலாம். இல்லன்னா எங்களால முடியாது சம்பந்தி.”

போனை வைத்ததும் நான் சொன்னேன்: “புருசனச் சொன்னேன்னு சொல்லிடு. ஒரே வார்த்த. ஊரே உன் பக்கம் திரும்பிடும்.”

“திரும்பும் யக்கா. ஐயம்பேட்ட திரும்புமா?”

பெண் உள்ளேயிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. “நீ ஏம்மா பேசின? மைக்க பாத்தா ஓடவேண்டியதுதான?” என்றாள். பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். “மன்னிப்பு கேக்க வாணாம்மா. இந்தக் கல்யாணமே வாணாம்.”

“வாய மூடு” என்றாள் அவள். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

ரசிகர் மன்றத்துக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். மிரட்டுவார்கள் என்று பயந்திருந்தோம். அவர்களோ செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, “நாங்க உங்க புள்ளைங்க மாரிமா, தலைவரு படத்துக்கு முன்னாடி ஒரு கும்புடு போட்டு ரெண்டு வார்த்த சொல்லிடுங்க, மேட்டர் ஓவர்” என்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “கரையாத நெஞ்சு எழுதினது நீங்கதான? சூப்பர்மா” என்றார்.

மறுநாள் மாலை முச்சந்தியில் நடிகரின் ஆளுயர ஃப்ளெக்ஸ். அதன் மேல் என் வரி: ‘காற்றில் கலந்தாய், எங்கள் மூச்சில் இருப்பாய்.’ அதற்குப் போட்ட சம்பங்கி மாலை வெயிலில் பழுப்பேறியிருந்தது. மன்னிப்பு வாசகத்தையும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அந்தத் தாளை மடித்து, புடவை மடிப்பதுபோலவே சுருக்கமில்லாமல் மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “பட்ச்சி சொல்றது எனக்கு வராது யக்கா.”

கேமரா ஓடியது. அவள் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

“அவரு போனது தெரியாம பேசிட்டேன். அவரு இருந்தப்ப அவரு அரும எனக்குத் தெரியல. என்னிய மன்னிச்சிடுங்க.”

அப்புறம் அழுதாள். ஏழு வருடம் முன் இரண்டு நாளில் நிறுத்திவிட்ட அழுகை அது. மூக்கு ஒழுக, மூச்சு முட்ட, மன்றத்துக்காரர்களே பயந்துபோய் “போதும்மா, போதும்மா” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டும் அளவுக்கு. எதற்காக அழுகிறாள் என்று அந்த முச்சந்தியில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அதுகூடத் தப்பு. தெரிந்தவன் இன்னொருவன் இருந்தான்.

அந்த வீடியோவையும் ஊர் பார்த்தது. முதலில் ஏசியவர்களே உருகினார்கள். ஐயம்பேட்டை அம்மா கூப்பிட்டு, “நல்லா அழுதீங்க சம்பந்தி, எங்க மாமனாருக்கே கண்ணு கலங்கிடுச்சி” என்றார். மூன்று வாரத்தில் முகூர்த்தம் குறித்தார்கள்.

அடுத்த போன் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாத்தேன்” என்றது ஆண் குரல்.

“இன்னாத்த?”

“நீ என்கிட்ட மன்னிப்பு கேட்டத.”

“உன்கிட்ட எவ கேட்டா? நான் அந்த நடிகருகிட்ட...”

“ஏய். ஊர ஏமாத்து, என்னிய ஏமாத்தாத. மொத வீடியோவுல நீ யாரச் சொன்னன்னு எனக்குத் தெரியாதா? மொத அவரு நானுன்னா, ரெண்டாவது அவரும் நான்தான்.”

தமிழ்நாடே பார்த்த அந்த வீடியோவைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருவன்தான். ஒரு கவிதைக்கு நான் இத்தனை வருடமாக ஏங்கிய வாசகன் அப்படித்தான் கிடைப்பான் போலிருக்கிறது.

“பொண்ணுக்குக் கல்யாணமாமே, வர்றேன்” என்றான்.

அவள் பதறிப்போய் அந்தத் தப்பைச் செய்தாள். “வராத! நீ இங்க இல்ல. நீ வெளிநாட்டுல கீற. அந்தச் சண்ட நடக்குது பாரு, அங்க கீறன்னு சொல்லி வெச்சிருக்குது. பொண்ணு வாழ்க்க போயிடும், வராத.”

“ஓகோ” என்றான்.

ஓரிக்கை சாலையிலேயே ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அந்த வாரம் பார்த்து அந்த நாட்டில் சண்டையை நிறுத்தியிருந்தார்கள், விமானங்கள் பறப்பதாக நானே அடித்திருந்தேன். முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது வாசலில் ஒரே இரைச்சல். எட்டிப் பார்த்தேன். சக்கரம் வைத்த புதுப் பெட்டியை இழுத்துக்கொண்டு அவன் வந்துகொண்டிருந்தான். பெட்டியின் கைப்பிடியில் கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஐயம்பேட்டைக்காரர்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார்கள். யாரோ மாப்பிள்ளைக்கு வைத்திருந்த உபரி மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டார்கள்.

மன்னிப்பு கேட்ட அம்மா வீட்டுக் கல்யாணம் என்பதால் எங்கள் சேனலும் வந்திருந்தது. அதே பெண், அதே மைக். “எப்படி சார் தப்பிச்சு வந்தீங்க?”

“தலைக்கு மேலயே போவும்மா, தீபாவளி ராக்கெட்டு மாரி. நாங்க பத்து பேரு ஒரு குழியில. பக்கத்துல ஆஸ்பத்திரி, அப்பிடியே கண்ணு முன்னாடி சரிஞ்சுது. ஒரு பொம்பள வெறுங்கையால மண்ண தோண்டிக்கினு...” கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அந்தத் தாய். எல்லாத் திரையிலும் ஓடிய அந்தத் தாய். பரோட்டா கடை டிவியில் பார்த்திருப்பான். ஐயம்பேட்டை அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தத் தாயை ஒரு பொய்யனை ஊர் மாற்றப் பயன்படுத்தினேன், அவன் பந்தியில் முதல் இலை வாங்கப் பயன்படுத்தினான். எங்கள் இருவருக்கும் வித்தியாசம் தேடினேன், என் கையில் சிக்கவில்லை.

மைக் அவள் பக்கம் திரும்பியது. “அம்மா, அவரு வந்துட்டாரு. உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?”

அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் என்ன வார்த்தை எடுத்துக் கொடுப்பேன்? மணவறையில் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“நல்லா இருக்குது” என்றாள்.

சேனலில் தலைப்பு கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். நான் இல்லாமலே ஒன்று வைத்தார்கள், என்னுடையதைவிட மோசமில்லை.

கல்யாணம் முடிந்து பெண் ஐயம்பேட்டைக்குப் போய்விட்டாள், அவன் இவள் வீட்டில் தங்கிவிட்டான். பத்து நாள் லீவு, அப்புறம் கிளம்பிவிடுவார் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அந்தப் பத்து நாளில் ஆற்காட்டுக்காரி அவன் துணிமணியை ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்பிவிட்டாள் என்று தெரியவந்தது. எட்டாவது நாள் அந்த நாட்டில் மறுபடி சண்டை மூண்டது. விமான நிலையத்தை மூடினார்கள். தெருவே வந்து அவளுக்குச் சொன்னது: “நல்ல வேள, அவரு வந்து சேந்தாரு. இனிமே அனுப்பாதமா, போதும் சம்பாரிச்சது.” ஐயம்பேட்டையிலிருந்தும் அதையேதான் சொல்லி அனுப்பினார்கள்.

அவன் போவதென்றால் இனி அந்த நாட்டுக்குத்தான் போக முடியும். அவன் ஒரு நாளும் காணாத அந்த நாடு அமைதியானால்தான் இவள் வீடு காலியாகும். தினமும் நான் சேனலில் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். குண்டு எங்கே, எத்தனை உயிர் என்று கண் போவதற்கு முன்பே, விமானம் உண்டா என்று போகிறது. ‘விமானச் சேவை ரத்து நீடிக்கிறது’ என்று அடிக்கிறேன். நட்சத்திரக் குறி போடுகிறேன். மறைந்த நடிகருக்கு நாற்பத்தெட்டாம் நாள் அன்னதானம் என்று அடிக்கிறேன். அந்த நாட்டில் செத்தவர்களுக்கு இன்னமும் ‘பலி’தான்.

இன்று காலை குழாயடியில் கேட்டாள்.

“அங்க பிளேன் வுட ஆரம்பிச்சிட்டாங்களா யக்கா?”

“இன்னும் இல்லமா.”

“எப்பதான் வுடுவாங்களாம்?”

“சொல்லல.”

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வேறு ஏதோ கேட்க வாயெடுத்தாள். உள்ளே டிவியின் சத்தத்தையும் மீறி இருமல் கேட்டது, அவள் பேரை அதட்டிக் கூப்பிடும் குரல் கேட்டது.

“இருங்க யக்கா” என்றாள். “அவரு கூப்புட்றாரு.”